மட்டி தோண்டுதல், சுத்தம் செய்தல், சமைத்தல்: நண்பர் குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

மணலில் புதைந்து வாழும் இரட்டை ஓட்டுச் சிப்பியான மட்டி தொடர்பான விதிகள் பலவாகத் தோன்றினாலும் பெரும்பாலானவை ஒரே விதியிலிருந்து கிளைத்தவை: கொதிக்கும் பாத்திரத்துக்குள் இறங்கும் நொடி வரை அது உயிரோடு இருக்க வேண்டும். மீனைப் போலப் பிடித்தவுடன் குடலை எடுத்துப் பனிக்கட்டியில் புதைத்து வைக்கக்கூடிய உயிரன்று இது. ஓட்டுக்குள்ளேயே இறந்துபோன மட்டி, தன் குடலில் உள்ள நுண்ணுயிர்களோடு சேர்ந்து மிக விரைவாகக் கெடத் தொடங்கிவிடும். ஓட்டை உடைக்காமல் தோண்ட வேண்டும், நல்ல தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டக் கூடாது என்றெல்லாம் சொல்வதற்குக் காரணம் இதுதான். குழுவில் உள்ள எல்லோரும் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக நினைவூட்ட வேண்டியிருக்காது.

புறப்படும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதலாவது, அந்தக் கரையின் நீர் பாதுகாப்பானதா என்பது. மட்டி தன் உணவைத் தேடிப் போவதில்லை. நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்கிறது. நீரில் கழிவு கலந்திருந்தால் அதிலுள்ள கிருமிகளும், நச்சுப்பாசி பெருகியிருந்தால் அதன் நஞ்சும் மட்டியின் உடலில் சேர்ந்துவிடும். கிருமிகளை வெப்பத்தால் அழிக்கலாம். பாசி நஞ்சு அப்படியல்ல. சாக்சிடாக்சின் என்னும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அழிவதில்லை, அதற்கு நிறமோ, மணமோ, சுவையோ இல்லை, முறிமருந்தும் கிடையாது. உதடுகளிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு ஏற்படுவது அதன் முதல் அறிகுறி. கடுமையான நிலையில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். 1793 ஜூன் 15 அன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் சிலர் கரையில் பொறுக்கிய ஈரிதழ்ச் சிப்பிகளைக் காலை உணவாக உண்டார்கள். அவர்களில் ஜான் கார்ட்டர் என்பவர் அன்று பிற்பகலே இறந்துபோனார். அவர் புதைக்கப்பட்ட விரிகுடாவுக்கு அவருடைய பெயரும், சிப்பி பொறுக்கிய இடத்துக்கு நஞ்சுக்குடா என்ற பெயரும் சூட்டப்பட்டன.

நீரின் நிறத்தைப் பார்த்து இதை முடிவுசெய்ய இயலாது. தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும். சிலவகை மட்டிகள், பாசிப் பெருக்கம் நீங்கிப் பல மாதங்கள் ஆன பின்னும் நஞ்சைத் தங்கள் திசுக்களில் வைத்திருக்கும். ஆகவே அந்தக் கரையைக் கண்காணிக்கும் மீன்வளத் துறையோ சுகாதாரத் துறையோ வெளியிடும் அறிவிப்பைப் புறப்படும் நாளன்று காலையில் பார்ப்பது கட்டாயம். அறிவிப்பே வெளியிடப்படாத கரையென்றால், அந்தப் பகுதியில் நெடுங்காலமாக மட்டி எடுப்பவர்களிடம் விசாரிக்க வேண்டும். அவர்களும் தயங்கினால் தோண்டாமல் திரும்பிவிட வேண்டும். கனமழை பெய்த சில நாட்களுக்கு ஆற்றுவாய், சாக்கடை வாய் ஆகியவற்றின் அருகே தோண்டவே கூடாது.

இரண்டாவது, அனுமதி. பல நாடுகளில் உரிமம், ஒரு நபருக்கு இத்தனை மட்டிகள் என்ற வரம்பு, எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, மூடப்பட்ட பருவங்கள் ஆகியவை உண்டு. வரம்பு பெரும்பாலும் தனிநபருக்கு உரியது என்பதால், ஆறு பேருக்கு உரியதை இரண்டு பேர் தோண்டி ஒரே வாளியில் நிரப்புவது பல இடங்களில் குற்றமாகக் கருதப்படுகிறது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது, யாருக்கு ஆகாது என்பது. ஓட்டுயிர் உணவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் வடிசாற்றைக்கூடத் தொடக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு, வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிரி பேராபத்தானது. அது உணவு வழியாக மட்டுமன்றிக் காலிலோ கையிலோ உள்ள காயத்தின் வழியாகவும் உடலுக்குள் புகும். அழைப்பு விடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுவது, உணவு பரிமாறும்போது ஒருவரை ஒதுக்கி வைப்பதைவிட மேலானது.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

மட்டி தோண்டும் நாளை நமது ஓய்வுநாள் முடிவுசெய்வதில்லை; நிலவு முடிவுசெய்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். மற்ற நாட்களில் நீருக்கடியில் இருக்கும் தரை அப்போது வெளிப்படும். அரைநிலா நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு குறைவு; அன்று போனால் பலரும் ஏற்கெனவே கிளறிவிட்ட மேல்தரையே கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடங்களுக்குள் இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் நிகழ்கின்றன. இன்று காலை 7 மணிக்கு முழு வற்றம் என்றால் நாளை ஏறத்தாழ 7.50க்குத்தான் அது வரும். அந்தந்தக் கரைக்குரிய அட்டவணையைப் பார்த்து, முழு வற்றத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கரையை அடைந்துவிட வேண்டும். பின்வாங்கும் நீரைத் தொடர்ந்து இறங்கி, நீர் திரும்பியதும் கரையேறுவதே முறை.

நீர் ஒரே சீரான வேகத்தில் ஏறுவதில்லை என்பதைக் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டால், முதல் மணியில் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் தலா 3 பங்கும் ஏறும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. முதல் மணி நேரத்தில் கடல் அசையாமல் கிடப்பதுபோல் தோன்றுவதை நம்பி மெத்தனமாக இருந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் பாதி நீர் வந்துவிடும். எங்கள் குழு முதன்முறை போனபோது அறுவரும் குனிந்த தலை நிமிராமல் தோண்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் கடல் தொலைவில்தான் இருந்தது. ஆனால் நாங்கள் வந்த வழியில் இருந்த ஒரு தாழ்வான வாய்க்காலில் நீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒருவருக்குத் தோண்டும் வேலையே தருவதில்லை. கடிகாரத்தையும் நமக்குப் பின்னால் உள்ள தரையையும் பார்ப்பதுதான் அவர் பொறுப்பு. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்கிறோம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை: கைமண்வெட்டி, நெருக்கமான பற்கள் உள்ள வாரி, ஆளுக்கொரு வலைப்பை அல்லது அடியில் துளையிட்ட வாளி, தடித்த கையுறை, காலை முழுவதும் மூடும் காலணி, ஈரச் சாக்கு, குடிநீர், மூடியுள்ள இரண்டு பெரிய கேன்கள். கேன்கள் தூய கடல்நீரை வீட்டுக்கு எடுத்து வருவதற்கு. வெறுங்காலோடு நடக்கவே கூடாது. புதைந்து கிடக்கும் ஓட்டு விளிம்பு கத்தியைப் போல் வெட்டும்.

தோண்டுதல்

வற்றிய தரையில் சற்று நேரம் நின்று பார்த்தால் மட்டி இருக்கும் இடம் தானாகவே புலப்படும். மணலில் விரல்நுனி அளவுள்ள துளைகளோ, சாவித் துவாரம் போன்றோ 8 என்ற எண்ணைப் போன்றோ இணைந்த இரட்டைத் துளைகளோ தெரியும். மட்டி நீரை உள்ளிழுக்கவும் வெளியேற்றவும் மேலே நீட்டும் இரு குழல்கள் விட்டுச் சென்ற தடங்கள் அவை. அருகில் காலை அழுத்தி ஊன்றினால் சில துளைகளிலிருந்து நீர் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். குழலை உள்ளிழுக்கும் மட்டி வெளித்தள்ளும் நீர் அது. அந்த இடத்தை விரலால் குறித்துக்கொண்டு தோண்டலாம்.

எவ்வளவு ஆழம் என்பது வகையைப் பொறுத்தது. உருண்டு தடித்த ஓடுள்ள சிறிய மட்டிகள் 5 முதல் 10 செ.மீ. ஆழத்திலேயே கிடக்கும். அவற்றுக்கு மண்வெட்டியே தேவையில்லை. வாரியை மெதுவாக இழுத்தால் பற்கள் ஓட்டில் உரசும் ஓசை கேட்கும், பிறகு கையால் எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய ஓடுள்ள நீள்வடிவ மட்டிகள் 20 முதல் 30 செ.மீ. ஆழத்தில் இருக்கும். இவற்றைத் துளைக்கு நேர் மேலே தோண்டினால் ஓடு நொறுங்கிவிடும். ஆகவே துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி வெட்டி, அந்தக் குழியின் பக்கச் சுவரைக் கையால் சரித்தபடி மட்டியை நோக்கிச் செல்ல வேண்டும். விரல் ஓட்டில் பட்டதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மட்டி தன் தசைக்காலை மணலுக்குள் விரித்து நங்கூரம் போல் பற்றிக்கொண்டு கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பைக் கையில் தெளிவாக உணரலாம். வலிந்து இழுத்தால் கால் அறுந்துபோகும், பிறகு அந்த மட்டி பிழைக்காது. சுற்றிலும் உள்ள மணலைத் தளர்த்திவிட்டு, மட்டியை மெல்ல அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். கத்திப்பிடி போன்ற நீண்ட மட்டியினம் வேகமாகக் கீழிறங்கிவிடும். விதிகள் இடமளிக்கும் கரைகளில் அதன் துளைக்குள் ஒரு தேக்கரண்டி உப்பையோ உப்புக் கரைசலையோ இட்டால், சிறிது நேரத்தில் அது மேலே எழும்பி வரும். அப்போது பக்கவாட்டில் பற்றி நேராக உயர்த்த வேண்டும்.

எடுத்ததும் அளந்து பார்க்க வேண்டும். சட்டத்தின் அளவு இருந்தால் அதுவே எல்லை. இல்லையென்றாலும் சிறியவற்றைத் திரும்ப விடுவதே சரி. ஓட்டின் மேல் உள்ள வளையங்களில் அதன் வளர்ச்சியின் கணக்கு பதிந்திருக்கும். 2006-இல் ஐஸ்லாந்தை ஒட்டிய கடலில் எடுக்கப்பட்ட ஒரு மட்டியின் வளையங்களை எண்ணிய ஆய்வாளர்கள் அதன் வயது 507 ஆண்டுகள் என்று கண்டார்கள். நாம் உண்ணும் வகைகள் அவ்வளவு காலம் வாழ்வதில்லை என்றாலும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மட்டியும் சில ஆண்டுகளின் வளர்ச்சி என்பதை நினைத்தால் தேவைக்கு மேல் எடுக்கக் கை வராது. திரும்ப விடும் குட்டிகளை மேற்பரப்பில் வீசிவிட்டுப் போகாமல், குழல் பக்கம் மேலே இருக்கும்படி மணலில் ஆழமில்லாமல் புதைக்க வேண்டும். ஒவ்வொரு குழியையும் அப்போதைக்கப்போதே மூடிவிட வேண்டும். வெட்டிக் குவித்த மணலுக்கு அடியில் அகப்பட்ட சிறு மட்டிகள் மேலே குழல் நீட்ட முடியாமல் மூச்சடைத்து இறந்துபோகும். தோண்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குழி மூடுவதற்கே செலவாகும். அதைச் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

முதன்மை உணவாகச் சமைப்பதானால் ஓட்டோடு சேர்த்து ஒரு நபருக்கு 400 முதல் 500 கிராம் போதுமானது. எடையில் பெரும்பகுதி ஓடுதான்.

கொண்டுவருதல்

கரையிலேயே கடல்நீரில் அலசி, மேலே ஒட்டிய சேற்றைப் போக்கிவிட வேண்டும். பிறகு வலைப்பையில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, நிழலில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வாளி நிறையக் கடல்நீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டால் நன்றாக இருக்கும் என்று பலர் எண்ணுவதுண்டு. அந்தத் தேங்கிய நீரில் உள்ள உயிர்வளி விரைவில் தீர்ந்து, மட்டிகள் மூச்சுமுட்டி இறக்கும். ஈரக் காற்றில் அவை ஓட்டை இறுக மூடிக்கொண்டு பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பனிக்கட்டி பயன்படுத்துவதானால், உருகும் நல்ல தண்ணீர் மட்டியின் மேல் தேங்காதபடி இடையில் தடித்த துணியை விரிக்க வேண்டும்.

மணல் கக்கவைத்தல்

சமையலின் தரத்தை முடிவுசெய்வது இந்தக் கட்டம்தான். அடுப்பங்கரையில் எவ்வளவு திறமை காட்டினாலும், பல்லில் நெறுநெறுவென்று மணல் கடிபட்டால் அந்த விருந்து அத்தோடு முடிந்தது.

கொண்டுவந்த கடல்நீரை மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்துவது மிக நல்லது. அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 35 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகே எடுக்க வேண்டும். அகலமான தட்டையான பாத்திரத்தில் ஒரு துளைத்தட்டை வைத்து, அதன் மேல் மட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, அவை மூழ்கி மேலே ஒரு விரல்கடை உயரும் அளவுக்கு மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். துளைத்தட்டு இல்லையென்றால் கக்கிய மணல் அடியில் தங்கி, மட்டி அதையே மறுபடி உள்ளிழுத்துவிடும். நீர் ஆழமாக இருந்தால் காற்று போதாது. பாத்திரத்தை ஒரு துணியாலோ தாளாலோ மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் அசையாமல் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிரில் மட்டிகள் ஓட்டைத் திறக்கவே மாட்டா. அறை வெப்பமாக இருந்தால் இறந்துபோகும். வெப்பமான வேளைகளில் நான் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீர் நிரம்பிய மற்றொரு அகன்ற தட்டில் நிறுத்திவிடுவது வழக்கம்.

கால்மணி நேரம் கழித்து மூடிய துணியின் ஓரத்தை ஓசையில்லாமல் தூக்கிப் பாருங்கள். ஓடுகள் ஒரு நகக்கண் அளவு திறந்திருக்கும். அந்த இடைவெளியில் வெளிறிய இரண்டு குழல்கள் நீண்டு, ஒன்று நீரை இழுக்க, மற்றொன்று நீரோடு மணல்துகள்களை மெல்லிய புகைபோலத் துப்பிக்கொண்டிருக்கும். நிழல் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் சட்டென்று உள்ளே போகும். இந்தக் காட்சியைக் கண்டுவிட்டால் உப்பின் அளவும் குளிர்ச்சியும் சரியாக அமைந்துவிட்டன என்று பொருள். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு குழலும் வெளிவரவில்லையென்றால் பெரும்பாலும் உப்பு தவறியிருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, மொத்தம் மூன்று முதல் ஆறு மணி நேரம் வைத்தால் மணற்கரை மட்டிக்குப் போதும். மாவு தூவினால் அதைத் தின்று மணலைக் கக்கும் என்று சொல்லப்படுவதில் பயனில்லை. மாவு நீரைத்தான் கெடுக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: இந்த முறை மணலை மட்டுமே போக்கும். பாசி நஞ்சையோ கழிவுநீர்க் கிருமியையோ இதனால் நீக்க முடியாது.

பின்னர் நீரிலிருந்து எடுத்து, ஓட்டோடு ஓட்டை உரசித் தேய்த்துக் குழாய்நீரில் விரைவாக அலச வேண்டும். உடனே சமைக்கவில்லையென்றால், ஒரு கிண்ணத்தில் இட்டு ஈரத்துணியால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். நீரில் மூழ்கவைக்கவோ மூடி போட்டு அடைக்கவோ கூடாது.

பொறுக்கித் தள்ளுதல்

இந்த வேலையைக் குழுவில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து செய்தால் தவறு நேராது. உடைந்த ஓடு, துர்நாற்றம், தட்டினாலும் மூடிக்கொள்ளாத வாய் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்த மட்டியை எறிந்துவிட வேண்டும். திறந்திருப்பதை மேசையில் மெதுவாகத் தட்டிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால், உயிருள்ள மட்டி மெல்ல மூடிக்கொள்ளும்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாதது சேற்று ஓடு. மட்டி எப்போதோ இறந்துபோய், அதன் இரு ஓடுகளும் பிரியாமல் உள்ளே சேறு மட்டும் நிறைந்திருக்கும். பார்வைக்கு நன்றாக மூடிய மட்டி போலவே தோன்றும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, மேல் ஓட்டைப் பக்கவாட்டில் நகர்த்த முயன்று பார்க்க வேண்டும். உயிருள்ளது அசையாது, சேற்று ஓடு வழுக்கிக்கொண்டு விலகும். ஒருமுறை இந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிட்டோம். ஒரே ஒரு சேற்று ஓடு பாத்திரத்துக்குள் திறந்துகொள்ள, மூன்று கிலோ மட்டியும் அதன் சாறும் கரும்பழுப்பாகிப்போயின. காலையிலிருந்து உழைத்த எட்டுப் பேர் பசியோடு அமர்ந்திருந்தோம்.

சமைத்தல்

மட்டிக்கு மிகப் பொருத்தமானது ஆவியில் வேகவைப்பதே. குழு பெரிதாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் குவிக்காமல், அகன்ற பாத்திரத்தில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாதபடி தவணை தவணையாக வேகவைக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ளவை ரப்பர்போல் இறுகும், மேலே உள்ளவை அரைவேக்காடாக நிற்கும்.

பாத்திரத்தில் சிறிது எண்ணெய் அல்லது வெண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் நிறம் மாறாமல் வதக்கி, ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாமல் நீர் ஊற்றி, நன்றாகக் கொதி வந்த பிறகே மட்டிகளை இட்டு மூட வேண்டும். உப்புச் சேர்க்கவே கூடாது. ஓடு திறக்கும்போது வெளிவரும் நீரே கடலின் உப்பைக் கொண்டுவரும். எல்லாம் முடிந்தபின் சுவைத்துப் பார்த்து, தேவையானால் சேர்த்துக்கொள்ளலாம். சில நிமிடங்களில் மூடிக்குள் ஓடுகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்கத் தொடங்கும். அப்போது பாத்திரத்தை ஒருமுறை குலுக்கிவிட வேண்டும்.

ஓடு திறந்தவுடன் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுவது பரவலான தவறு. ஓடு திறப்பது அதை மூடிவைத்திருக்கும் தசை தளர்ந்ததற்கான அடையாளமே தவிர, உட்பகுதி முழுவதும் வெந்ததற்கான சான்று அன்று. 1988-இல் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்குக் கல்லீரல் அழற்சி ஏ பரவியதற்குக் காரணம், கழிவுநீர் கலந்த கடலிலிருந்து வந்த மட்டிகளை அரைவேக்காடாக உண்டதுதான். ஆவியில் வேகவைக்கும்போது ஓடு திறந்தபின் மேலும் 4 முதல் 9 நிமிடங்கள் என்பது பொதுவான அளவு. நீரில் வேகவைத்தால் ஓடு திறந்தபின் மேலும் 3 முதல் 5 நிமிடங்கள் கொதிக்க வேண்டும். சதை ஒளிபுகாமல் வெளுத்து, விளிம்புகள் சுருண்டிருந்தால் பதம் சரி. மற்றவை எல்லாம் திறந்த பின்னும் மூடியே கிடப்பவற்றை நெம்பித் திறக்க முயலாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

வெந்தவற்றை அள்ளியெடுத்த பின், சாற்றை ஐந்து நிமிடம் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் சாய்த்து, மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். அடியில் மிஞ்சும் இரண்டு கரண்டியில்தான் எஞ்சிய மணல் முழுவதும் இருக்கும். அதைப் பாத்திரத்திலேயே விட்டுவிட வேண்டும். வடித்த சாற்றில் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மட்டிகளின் மேல் ஊற்றி, சூடு ஆறும் முன் பரிமாற வேண்டும். ஆளுக்கொரு சாற்றுக் கிண்ணமும், ஓடு போட நடுவில் ஒரு பெரிய பாத்திரமும் இருந்தால் போதும். நீள்குழல் உள்ள பெரிய வகைகளில் குழலைச் சுற்றியிருக்கும் கறுத்த தோலை விரலால் உருவி எறிந்துவிட்டுத்தான் உண்ண வேண்டும்.

மீந்ததை ஓட்டோடு வைக்காமல், சதையை மட்டும் எடுத்து, அது மூழ்கும் அளவு வடிசாறு ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாட்கள் வரை பயன்படுத்தலாம். மறுநாள் எடுக்கும்போது சாற்றை மட்டும் தனியே கொதிக்கவைத்து, சதையைக் கடைசியில் சேர்த்து ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிட்டால் அது இறுகாமல் மென்மையாகவே இருக்கும்.